பைக் சத்தத்துக்குக் காதைத் தீட்டும் பிள்ளைகள்... அப்பாவின் குடி, குழந்தையின் மனதை என்ன செய்கிறது?

இரவு எட்டு மணிக்கு மேல் தெருமுனையில் ஒரு பைக் திரும்பும் சத்தம் கேட்டால், பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். சில வீடுகளில் மட்டும் டிவி சத்தம் சட்டென்று குறையும். தரையில் பரப்பிக் கிடந்த நோட்டுகள் ஸ்கூல் பைக்குள் போகும். கடைக்குட்டியை அக்கா உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போவாள். வண்டி நேராக வந்து நிற்கிறதா, ஸ்டாண்டு போட எத்தனை முறை முயற்சி செய்கிறார், செருப்பைக் கழற்றும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாரா... இதையெல்லாம் வைத்தே ‘இன்னிக்கு அப்பா எப்படி வந்திருக்கார்’ என்று அந்தப் பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியாமல்கூட இருக்கலாம். இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது.

மதுவைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். டாஸ்மாக் வருமானம், கடை திறக்கும் நேரம், கல்லீரல் பாதிப்பு, சாலை விபத்து என எல்லாவற்றுக்கும் செய்தி உண்டு, விவாதம் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், “பாவம், புள்ளைங்க” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ‘அவர் குடியை நிறுத்திட்டா எல்லாம் சரியாகிடும்’ என்பது வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை. அவர் நிறுத்துவதற்குள் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துவிடுகிறது. சில வீடுகளில் அவர் நிறுத்துவதே இல்லை.

அந்தப் பிள்ளைகளின் மனதில் என்ன நடக்கிறது, அப்பா குடியை விடாவிட்டாலும் அவர்களுக்கு இப்போதே என்ன செய்ய முடியும் என்பதைப் பார்ப்போம்.

எத்தனை வீடுகள்?

2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவிகிதம் பேர் மது அருந்துகிறார்கள். இந்திய அளவில் இது 18.8 சதவிகிதம். பெண்களைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் ஒரு சதவிகிதம்கூடக் கிடையாது. அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்க ‘அப்பா’ என்றே எழுதுகிறோம். அம்மா குடிக்கும் வீட்டிலும் பிள்ளைக்கு நேர்வது ஏறத்தாழ இதேதான்.

குடிக்கும் எல்லோரும் குடிநோயாளிகள் இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம், மத்திய அரசுக்காக நாடு முழுவதும் ஆய்வு செய்து 2019-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள், அவர்களில் சுமார் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் வந்த பிரச்னைக்கு உதவி தேவைப்படுகிறது என்றது அந்த அறிக்கை. இந்த 5.7 கோடிப் பேரும் தனித்தீவில் வாழவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. அவற்றில் பல வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடியைவிட மோசமான பயம்

‘அவர் குடிச்சாலும் புள்ளைங்க மேல கை வெச்சதில்ல’ என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் பிள்ளை பாதிக்கப்படுகிறது. காரணம், அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலை.

ஒருநாள் அப்பா பரோட்டா பொட்டலத்தோடு வந்து, பத்தரை மணிக்குத் தூங்கும் பிள்ளைகளை எழுப்பி ஊட்டிவிடுவார், கொஞ்சுவார், அழுவார். மறுநாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தூக்கி எறிவார். அதற்கு மறுநாள் காலை எதுவுமே நடக்காததுபோல் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளிடம் சிரித்துப் பேசுவதே குடித்த பிறகுதான் என்ற அப்பாக்களும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இருக்கும் குழப்பத்தை யோசித்துப் பாருங்கள். அப்பா குடிக்கக் கூடாது என்றும் தோன்றும், குடித்தால்தான் பாசமாக இருக்கிறார் என்றும் தோன்றும்.

தினமும் கண்டிப்பாக இருக்கும் அப்பாவிடம்கூடப் பிள்ளை பழகிக்கொள்ளும். எதற்குத் திட்டுவார், எதற்குத் திட்ட மாட்டார் என்று அதற்குத் தெரியும். தினமும் வேறொருவராக வரும் அப்பாவிடம் அப்படிப் பழக வழியில்லை. அதனால் பிள்ளையின் உடம்பு எப்போதும் உஷார் நிலையிலேயே இருக்கிறது. ஆபத்து வரும்போது சுரக்க வேண்டிய கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள், ஆபத்து இல்லாத நேரத்திலும் சுரந்துகொண்டே இருக்கின்றன. விளைவாகத் தூக்கம் கெடுகிறது. காரணம் தெரியாத வயிற்று வலி, தலைவலி வருகிறது. ஸ்கேன் எடுத்தால் எல்லாம் நார்மல் என்கிறது ரிப்போர்ட். படுக்கையில் சிறுநீர் கழிப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட எட்டு வயதுப் பிள்ளை மறுபடியும் அதை ஆரம்பிக்கிறது. வகுப்பில் ஆசிரியர் நடத்துவது மனதில் நிற்பதில்லை. வீட்டில் சண்டை நடக்குமா என்று யோசிக்கும் மூளைக்கு பின்னக் கணக்கு எப்படி ஏறும்?

தலையில் அடித்துச் செய்த சத்தியம்

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. குடித்துவிட்டு ரகளை செய்த மறுநாள் காலை, அப்பா பிள்ளையின் தலையில் கைவைத்து, “உன் மேல சத்தியமா இனிமே தொட மாட்டேன்” என்பார். அம்மாவே பிள்ளையை இழுத்து முன்னால் நிறுத்தி, “இவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க” என்பதும் உண்டு. நான்காவது நாள் சத்தியம் உடைந்துவிடும்.

பெரியவர்களுக்கு அது உடைந்துபோன இன்னொரு வாக்குறுதி, அவ்வளவுதான். பிள்ளைக்கு அப்படியில்லை. பொய்ச் சத்தியம் செய்தால் யார் தலையில் செய்தார்களோ அவர்களுக்கு ஆகாது என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்த குழந்தை அது. ‘அப்பா குடிச்சுட்டார், அப்போ எனக்கு என்ன ஆகும்?’ என்ற பயத்தோடு படுக்கப் போகும். அதைவிட ஆழமான இன்னொரு கேள்வியும் எழும். ‘என் மேல சத்தியம் பண்ணியும் குடிக்கிறார்னா, என்னைவிட அவருக்கு அந்த பாட்டில்தான் முக்கியமா?’

ஐயப்பனுக்கு மாலை போடும் மாதங்களை இந்தப் பிள்ளைகள் வேறு மாதிரி பார்க்கிறார்கள். ஒரு மண்டலம் அப்பா குடிக்க மாட்டார். விடியற்காலையில் எழுந்து குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு இருப்பார். பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விடுவார். ‘இந்த மாலையைக் கழட்டவே கூடாது சாமி’ என்று பிள்ளை வேண்டிக்கொள்ளும். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய இரண்டாவது நாள் பழைய அப்பா திரும்பிவிடுவார். தீபாவளி, பொங்கல், சொந்தக்காரர் கல்யாணம் என மற்ற பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருக்கும் நாள்கள், இந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும் நாள்கள்.

இப்படித் திரும்பத் திரும்ப ஏமாந்த பிள்ளை ஒரு கட்டத்தில் எதையும் எதிர்பார்ப்பதை நிறுத்திவிடும். ‘ஞாயித்துக்கிழமை பீச்சுக்குப் போலாம்’ என்றால் முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. பெரியவர்கள் அதை, ‘பொறுப்பான புள்ள, எதுக்கும் அடம்பிடிக்காது’ என்று மெச்சிக்கொள்வார்கள்.

‘என்னாலதான் அப்பா குடிக்கிறாரா?’

சின்னக் குழந்தைகளுக்கு உலகம் தங்களைச் சுற்றித்தான் நடக்கிறது. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் காரணம் தான்தான் என்று நினைக்கும் வயது அது. ‘நான் மார்க் கம்மியா எடுத்ததாலதான் அப்பா குடிச்சார்’, ‘நான் தம்பிகூட சண்டை போட்டதாலதான் அம்மாவுக்கு அடி விழுந்துச்சு’ என்று அவர்கள் மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள்.

நாமும் அந்த முடிச்சை இறுக்குகிறோம். “நீ ஒழுங்கா படிச்சா அப்பா ஏன் குடிக்கப் போறாரு?” என்று கேட்கும் அத்தை, “உங்களைக் கரைசேர்க்கத்தான்டா உடம்பு வலி தெரியாம இருக்க குடிக்கிறேன்” என்று சொல்லும் அப்பா, “பொம்பளப் புள்ள நீ சொன்னா கேப்பாரு, நீ போய் கெஞ்சு” என்று அனுப்பும் அம்மா என்று எல்லோருமே, அறியாமல் அந்தப் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். பிள்ளை கெஞ்சும், கடிதம் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைக்கும், பாட்டிலை எடுத்துக் கழிவறையில் கொட்டும். எதுவும் பலிக்காதபோது, ‘நான் சரியா செய்யல’ என்ற முடிவுக்கு வரும்.

பதின்வயதுக்கு வந்ததும் இந்தக் குற்ற உணர்ச்சி கோபமாக மாறுகிறது. குடிக்கும் அப்பா மீது இருக்கும் கோபத்தைவிட, ‘ஏம்மா இந்த ஆள்கூட இருக்க?’ என்று அம்மா மீது கோபம் அதிகமாக இருப்பதும் உண்டு. அம்மாவிடம் அதைக் காட்டினால் ஆபத்தில்லை என்று பிள்ளைக்குத் தெரியும்.

ஒரே வீடு, வேறு வேறு பிள்ளைகள்

ஒரே வீட்டில் வளர்ந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. குடிநோயாளிகளின் குடும்பங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த அமெரிக்க ஆலோசகர்கள் கிளாடியா பிளாக், ஷாரன் வெக்ஷைடர்-குரூஸ் போன்றவர்கள், இந்தப் பிள்ளைகள் தங்களை அறியாமலேயே சில வேடங்களை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று 1980-களிலேயே எழுதினார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொண்டால் இது எளிதாகப் புரியும்.

மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் முதல் ரேங்க். சாயங்காலம் வந்ததும் உலை வைப்பாள், தம்பி தங்கையைக் குளிப்பாட்டுவாள், அம்மா அழும்போது முதுகைத் தடவிக்கொடுப்பாள், மளிகைக்கடைப் பாக்கி எவ்வளவு என்று அவளுக்குத்தான் தெரியும். ஊரே பாராட்டும்.

நடுவில் இருப்பவன் ஏழாம் வகுப்பு. வாரம் ஒருமுறை பள்ளியிலிருந்து புகார் வரும். சக மாணவனை அடித்தான், ஆசிரியரை எதிர்த்துப் பேசினான், மதியத்துக்கு மேல் வகுப்பிலேயே இல்லை. “அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு” என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

கடைசிப் பிள்ளை மூன்றாம் வகுப்பு. சத்தமே இல்லாத பிள்ளை. ஒரு மூலையில் பொம்மையோடோ செல்போனோடோ இருக்கும். பசித்தால்கூடக் கேட்காது. இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருப்பதே ஆசிரியருக்கு நினைவிருக்காது.

இந்த மூவரில் யாருக்கு உதவி தேவை என்று கேட்டால், பெரும்பாலும் எல்லோரும் நடுப்பிள்ளையைத்தான் கைகாட்டுவார்கள். அவனுடைய வலி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். முதல் ரேங்க் எடுக்கும் மூத்தவள் தன் குழந்தைப் பருவத்தை ஏற்கெனவே இழந்துவிட்டாள். ஒரு நாள் உலை வைக்க மறந்தால் வீடு இடிந்துவிடும் என்று நினைக்கிறாள். அமைதியான கடைசிப் பிள்ளை, தனக்கு எதுவும் வேண்டும் என்று கேட்கக் கூடாது என்று கற்றுக்கொண்டுவிட்டது. சமர்த்தாக இருப்பதும் பாதிப்பின் அடையாளமாக இருக்கலாம் என்பது நாம் எளிதில் கவனிக்காமல் விடும் விஷயம்.

வெளியே சொல்லக் கூடாத ரகசியம்

இப்படிப்பட்ட வீடுகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கும். வீட்டில் நடப்பதை வெளியே பேசக் கூடாது. தெருவுக்கே கேட்கும்படி ரகளை நடந்தாலும், மறுநாள் காலை வீட்டுக்குள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்ல’ என்று முதலாளிக்கு போன் செய்து பொய் சொல்லும் வேலைகூடச் சில வீடுகளில் பிள்ளைக்குத்தான் வரும்.

அந்தப் பிள்ளைகள் நண்பர்களை வீட்டுக்கு அழைப்பதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கான சீட்டை வீட்டில் கொடுப்பதில்லை. ஆண்டு விழாவில் பரிசு வாங்கினால்கூட அப்பா வந்துவிடுவாரோ என்ற பயம். தெருவில் விழுந்து கிடப்பவரைத் தாண்டி நண்பர்களோடு நடந்துபோகும்போது, ‘அது யாருன்னு தெரியாது’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அன்று இரவு முழுக்க அதற்காக அழும் பிள்ளையும் உண்டு. குடிகாரரைச் சிரிப்புக்குப் பயன்படுத்தும் சினிமா காட்சியில் வகுப்பே சிரிக்கும்போது, சிரிக்க முடியாமல் ஒருவர் இருப்பார்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: திங்கள்கிழமைகளிலும் பண்டிகைக்கு மறுநாளும் வராமல் இருப்பது, முதல் பீரியடிலேயே தூங்கி வழிவது, யாராவது குரலை உயர்த்தினால் உடம்பு சுருங்குவது, பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருப்பது. இவற்றைப் பார்த்தால் எல்லோர் முன்னிலையிலும், ‘உங்க அப்பா குடிப்பாரா?’ என்று கேட்டுவிடாதீர்கள். தனியாக அழைத்து, ‘ராத்திரி தூங்கினியா, சாப்பிட்டியா?’ என்று கேட்டாலே போதும். இன்று பதில் சொல்லாவிட்டாலும், யாரிடம் சொல்லலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

வளர்ந்த பிறகும் விடாது

அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம், அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா இருவரும் முன்னின்று நடத்திய ஆய்வு அது. ஏறத்தாழ நான்கில் ஒருவர், குடி அல்லது போதைப் பழக்கத்தில் சிக்கியவர் இருந்த வீட்டில் வளர்ந்திருந்தார். அடி, புறக்கணிப்பு, பெற்றோர் பிரிவு, வீட்டில் போதை போன்ற கசப்பான அனுபவங்கள் எத்தனை கூடுகின்றனவோ, அந்த அளவுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, குடிப்பழக்கம் ஆகியவற்றின் வாய்ப்பும் கூடியது. இதய நோய்க்குக்கூட அதில் தொடர்பு தெரிந்தது.

குடிநோயில் பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. டென்மார்க்கில் நடந்து 1973-ல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். குடிநோயாளிப் பெற்றோருக்குப் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களை ஆராய்ந்தார்கள். தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த மற்ற ஆண்களைவிட இவர்களுக்குக் குடிநோய் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில், குடிநோயாளிகளின் மகன்களை அவர்கள் குடிக்கத் தொடங்கும் முன்பே பரிசோதித்திருக்கிறார்கள். அவசர புத்தி, கவனச் சிதறல் ஆகியவை அவர்களிடம் கூடுதலாக இருந்தன. மூளை வளர்ச்சியிலும் வேறுபாடு தெரிந்தது. ‘அப்பன் புத்தி’ என்று நாம் திட்டும் சேட்டைக்குப் பின்னால், அந்தப் பிள்ளை கேட்டு வாங்காத ஒன்று இருக்கிறது. மருத்துவ உதவி கிடைத்தால் சமாளிக்கக் கூடிய ஒன்றும்கூட.

பரம்பரை என்பதை விதி என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. குடிநோயாளிகளின் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடிநோயாளிகள் ஆவதில்லை. அவர்களிடம் வேறு சில தழும்புகள் இருக்கலாம். யார் முகம் சுளித்தாலும் ‘நான் என்ன தப்பு செஞ்சேன்?’ என்று பதறுவது, யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதது, எல்லாம் நன்றாகப் போகும் நாளில்கூட ஏதோ நடக்கப் போகிறது என்று காத்திருப்பது. முப்பது வயதில் இருக்கும் சிலர் இதைப் படிக்கும்போது தங்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். வயதாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். மனநல ஆலோசனை எந்த வயதிலும் உதவும்.

ஒரு பெரியவர் போதும்

நம்பிக்கை தரும் ஆய்வும் இருக்கிறது. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை, அவர்கள் நாற்பது வயதைத் தொடும்வரை தொடர்ந்து கவனித்தார்கள் உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் என்று பல சிக்கல்களோடு வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையும் அக்கறையும் கொண்ட மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களிடம் இருந்த முக்கியமான ஒற்றுமை, அவர்களை நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது அருகில் இருந்தார் என்பது. பாட்டி, மாமா, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று அவர் யாராகவும் இருந்தார்.

அப்பா திருந்தும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பொருள். அந்த ஒரு பெரியவராக நாம் யாரும் இருக்க முடியும்.

அம்மாக்கள் என்ன செய்யலாம்?

குடிக்கும் கணவரோடு வாழும் பெண்ணிடம் இன்னொரு பொறுப்பைக் கொடுப்பது நியாயமில்லை என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறோம். இவற்றில் ஒன்றிரண்டைச் செய்தாலே பிள்ளைக்குப் பெரிய வித்தியாசம் தெரியும்.

முதலில், நடப்பதைப் பிள்ளையின் வயதுக்கு ஏற்றபடி பேசுங்கள். “அப்பாவுக்கு இருக்கறது ஒரு நோய். அது உன்னால வரல. உன்னால அதை நிறுத்தவும் முடியாது. அதுக்கு டாக்டர் இருக்காங்க. உன் வேலை படிக்கறதும் விளையாடறதும்தான்.” இதை ஒருமுறை சொன்னால் போதாது. பலமுறை சொல்ல வேண்டும்.

பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதை நிறுத்துங்கள். அப்பா எங்கே என்று பார்த்துவரவோ, டாஸ்மாக்கிலிருந்து கூட்டிவரவோ பிள்ளையை அனுப்பாதீர்கள். கணவர் மீதான மனக்குறைகளைக் கொட்ட அக்கா, தோழி, ஆலோசகர் என்று ஒரு பெரியவரைத் தேடிக்கொள்ளுங்கள். மூத்த மகளிடம் கொட்டினால் அவள் தாங்குவதுபோல் தெரியும், ஆனால் அது அவள் தாங்கக் கூடிய பாரம் இல்லை.

சாப்பாடு, வீட்டுப்பாடம், தூக்கம் மூன்றையும் முடிந்தவரை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வருவதற்கு முன்பே பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்துவிட்டால் பாதிச் சண்டை அவர்கள் கண்ணில் படாது. குடித்திருக்கும்போது அவரோடு வாதாட வேண்டாம். பேச வேண்டியதைக் காலையில் பேசுங்கள். குடித்துவிட்டு ஓட்டும் வண்டியில் பிள்ளையை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றாதீர்கள். ரகளை முற்றினால் எந்த வீட்டுக்குப் போவது என்று முன்கூட்டியே பேசி வைத்து, பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்’ என்று விளம்பரம் செய்யும் மருந்துகளை வாங்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் கடுமையான எதிர்விளைவை உண்டாக்கும் டைசல்ஃபிராம் போன்ற மருந்தை நோயாளிக்குத் தெரியாமல் கொடுத்தால், உயிருக்கே ஆபத்து நேரலாம்.

குடிக்கும் அப்பாக்களுக்கு...

நீங்கள் மனதில் பாசம் இல்லாதவர் என்று யாரும் சொல்லவில்லை. குடிநோய் என்பது மன உறுதியால் மட்டும் தீர்கிற விஷயமும் இல்லை. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணில் தெரிவது, குழப்பம் போன்றவை முதல் இரண்டு, மூன்று நாள்களில் வரலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அதனால் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே சரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை கிடைக்கிறது.

சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி.ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனின் பின்னணி இங்கே நினைவுக்கு வருகிறது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அதே நோயில் சிக்கிய மற்றவர்களுக்காக ஆரம்பித்த அமைப்பு அது. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குடிப்பவரோடு அவருடைய குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை என்பதை இங்கே நடைமுறையில் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

குடியை நிறுத்திய பிறகும் பிள்ளை உடனே ஓடிவந்து கட்டிப்பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இத்தனை நாள் பயத்தில் அடக்கி வைத்திருந்த கோபத்தை, இனி ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் சில பிள்ளைகள் காட்டுவார்கள். “நான்தான் குடிக்கறதை விட்டுட்டேனே, இன்னும் என்ன?” என்று கேட்டுவிடாதீர்கள். நான்கு மணிக்கு வருகிறேன் என்றால் நான்கு மணிக்குப் போய் நில்லுங்கள். பல மாதங்கள் அப்படி நின்றால் பிள்ளை நம்பும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-வது பிரிவின்படி, மருத்துவர் ஆலோசனை இல்லாமல் குழந்தைக்கு மது கொடுப்பது குற்றம். ‘ஒரு சொட்டு நாக்குல வெச்சேன்’ என்ற வேடிக்கையும் இதில் வரும். மதுவைக் கொண்டுவரவோ விற்கவோ குழந்தையைப் பயன்படுத்துவது 78-வது பிரிவின்படி குற்றம். இரண்டுக்குமே ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இதைப் படிப்பது ஒரு மாணவரா?

அம்மாவின் போனிலோ அண்ணனின் போனிலோ நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டைப் பற்றி எழுதியிருப்பதுபோல் தோன்றியிருக்கலாம். உங்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

அப்பா குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை. உங்கள் மார்க், உங்கள் சேட்டை, நீங்கள் பெண்ணாகப் பிறந்தது எதுவுமே காரணம் இல்லை. அவர் உங்கள் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினாலும் உங்களுக்கு எதுவும் ஆகாது. நீங்கள் பாட்டிலைக் கொட்டினாலும் ஒளித்து வைத்தாலும் அவருடைய நோய் போகாது, அது உங்கள் வேலையும் இல்லை. அவர் மீது ஒரே நேரத்தில் பாசமும் வெறுப்பும் வருகிறதா? அதில் தப்பே இல்லை. இதே நிலையில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான்.

சண்டை நடக்கும்போது நடுவில் போய் நிற்காதீர்கள். தம்பி தங்கையை அழைத்துக்கொண்டு, நம்பிக்கையானவர் வீட்டுக்குப் போய்விடுங்கள். வீட்டு விஷயத்தை ஒரு பெரியவரிடம் சொல்வது குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. வகுப்பு ஆசிரியரிடம் நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால், அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்டிருக்கும் ‘மாணவர் மனசு’ பெட்டியில் எழுதிப் போடலாம். முதலில் சொன்னவர் சரியாகக் கேட்கவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். கேட்கும் ஒருவர் கிடைக்கும்வரை சொல்லுங்கள். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றினால், அந்த நிமிடமே கீழே உள்ள எண்களில் ஒன்றை அழையுங்கள்.

உதவிக்கு அழைக்க:

1098 - குழந்தைகள் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம். குழந்தைகளே அழைக்கலாம், அக்கம்பக்கத்தினரும் அழைக்கலாம்.

14416 - டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

14417 - தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்.

104 - தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண்.

14446 - போதைப் பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை தரும் தேசிய உதவி எண்.

181 - பெண்கள் உதவி எண்.

112 - உடனடி ஆபத்து என்றால் அவசர உதவிக்கு.

இவை தவிர, குடிப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும், அவர்களுடைய குடும்பத்தினருக்கு அல்-அனான் கூட்டங்களும் தமிழ்நாட்டில் நடக்கின்றன. இவற்றில் கலந்துகொள்ளக் கட்டணம் இல்லை, முழுப் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.